பஃப் கை ரவிக்கை

1931. பிரிக்பீல்ட்ஸ் தையல்காரி புஷ்பவல்லி கைமெஷினோடு கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் தோட்டத்துத் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி வீட்டில் மூன்று நாள் வேலை. கிராணியின் மனைவி சீதாலெட்சுமி ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். பஃப் கை ரவிக்கைகள் வேண்டும்.

முதல் ரவிக்கை சீதாலெட்சுமியின் கையில் ஏறவில்லை.

புஷ்பவல்லி மறுபடி அளவெடுத்து, தாராளமாகவே வெட்டித் தைத்தாள். இரண்டாவதும் ஏறவில்லை. விரித்து அளந்தால், மெலிந்த உடம்புக்காரி ஒருத்தியின் அளவு. புதுப் பட்டில் ரப்பர் பால் புளித்த வாடை.

"இது யார் அளவும்மா?"

சீதாலெட்சுமி சன்னலைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னாள். தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டும் கூலிக்காரி மாரியாயி, போன மாதத் திருவிழாவுக்கு இதே மாதிரி பஃப் கையும் லேஸும் வைத்த ரவிக்கை போட்டு வந்தாள். சீதாலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. கூலிக்காரிக்கு இந்த உடுப்பா என்று, கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் பிடித்துக் கிழித்துவிட்டாள். மாரியாயி இரண்டு கையாலும் மாரைப் பொத்திக்கொண்டு நடந்து போனாள். மறுநாள் ஆற்றில் மிதந்தாள்.

"அவளுக்கே ஒண்ணு தைச்சிரு, புஷ்பம். போயிருவா."

அந்த அளவுக்கே, அதே பட்டில் புஷ்பவல்லி தைத்தாள். சாயங்காலம் அதைப் பின்னறைக் கட்டிலில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும்.

பிறகு உள்ளே 'டக்'கென்று ஓர் ஒலி.

ரவிக்கையின் அழுத்துப் பட்டன்.

இன்னொன்று.

புஷ்பவல்லி தைத்தது ஆறு. ஆறும் கேட்டது.

முடிந்தது என்று சீதாலெட்சுமி மூச்சு விட்டாள்.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது. அதில் கோபமில்லை. வேலைக்காரியைக் கூப்பிடும் குரல்.

"சீதாலெட்சுமி, சேலைய எடுத்துட்டு வா."

அந்தத் தோட்டத்தில் கிராணி மனைவியை யாரும் பேர் சொல்லி அழைத்ததில்லை.

வெளியே போய்விடலாம் என்று புஷ்பவல்லி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சீதாலெட்சுமி விடுவித்துக்கொண்டாள். அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல பட்டுச் சேலையை எடுத்தாள். இரு கையிலும் ஏந்தி, பின்னறைக் கதவின் முன் தலைகுனிந்து நின்றாள்.

"தோ வந்துட்டேங்கம்மா," என்றாள்.

கதவு உள்ளிருந்து திறந்தது.