சத்தம் போடாத குட்டி

அன்றைக்கு வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் போடவில்லை.

மண்ணூரில் அந்த வாடகை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அலமுவுக்கு அந்தத் தாழ்ப்பாளோடு தீராத பகை. கேட்டின் அடியில், தரையோடு தரையாகத் துருப்பிடித்துக் கிடக்கும்; எத்தனை முறை எண்ணெய் விட்டாலும் இழுத்த இழுப்பில் தெருக்கோடி வரை கிறீச்சிடும்; நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்திருக்கும் அவள் புருஷன் தேவநாதன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்காருவான். அன்று காலை மகள் பூர்ணிமாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து இழுத்தாள். இரும்போடு இரும்பு உரசியது விரலுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. விட்ட எண்ணெய் இப்போதுதான் வேலை செய்கிறது போல என்று சந்தோஷப்பட்டாள், பாவம். முந்தின நாள் வந்த நாய்க்குட்டி பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாழ்ப்பாளை நக்கிக்கொண்டிருந்தது.

குட்டி வேண்டும் என்று கேட்டது அலமுதான். கம்பெனி பஸ் தேவநாதனை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் விடியும்வரை அவளும் ஆறு வயதுப் பிள்ளையும் மட்டும். சுற்றிலும் புதுப்புது ஷெட், முகம் தெரியாத ஆட்கள். காவலுக்கு நாய் வேண்டும், ஆனால் பகலில் குரைக்கக் கூடாது. போன மாதம் பிரஸ் மெஷின் முன்னால் அரை நொடி கண் அசந்ததில் தேவநாதனின் இடது சுண்டுவிரல் போய்விட்டது. அடுத்த தடவை கையே போகும் என்று சூப்பர்வைசர் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் கரண்டிகூடப் பயந்துதான் பாத்திரத்தில் விழும். பூர்ணிமா கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நுனிக்காலில் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். யாராவது வாயைத் திறந்தால் உதட்டில் விரலை வைத்து அடக்குபவளும் அவள்தான். "சத்தம் போடாத மா. அப்பா தூங்குது."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் குட்டி பார்க்கப் போனது தண்டலம் பக்கத்தில் ஒரு தோப்பு பங்களாவுக்கு. அங்கே இருந்த ஆபீசர் குடும்பம் திடீரென்று காலி செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டது. அவர்களுடைய பூடில் நாய் தெரு நாயோடு சேர்ந்து போட்ட நாலு குட்டிகளை வாட்ச்மேன் கோதண்டத்தின் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாலும் கோணியில் சுருண்டு கிடந்தன. ஆட்டுக்குட்டி போலச் சுருட்டை முடி. அதிலே நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த ஒன்று பூர்ணிமாவின் பாவாடையைக் கடித்து இழுத்து, வாள் வாளென்று கத்தி விளையாடியது.

"மா, இதும்மா," என்றாள் பிள்ளை.

தேவநாதன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரில் குட்டி பார்க்கிற மாதிரிதான் பார்த்தான். பிடரித் தோலைப் பிடித்து ஒவ்வொன்றாக அந்தரத்தில் தூக்கினான். கத்துகிற குட்டி பயந்தாங்கொள்ளி, கத்தாததைத்தான் எடுக்க வேண்டும். மூன்று குட்டிகள் வீல் வீலென்று கத்தின. அதிலும் பொட்டு வைத்தது ஊரையே கூட்டியது. நாலாவது, சாம்பல் நிறத்தது, காலைக்கூட உதறாமல் தொங்கிக்கொண்டு பூர்ணிமாவின் வாயையே பார்த்தது.

"இதுதான் நமக்கு," என்றான்.

கோதண்டம் அவனைக் கிணற்றோரம் அழைத்துப்போய் ஏதோ சொன்னார். தேவநாதன் சாம்பல் குட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். பூச்சி மருந்து பற்றி இருக்கும் என்று அலமு நினைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை பூர்ணிமா அழுதாள், வழக்கம்போல் சத்தமில்லாமல்.

செவ்வாய்க்கிழமை குக்கர் கூவவில்லை. வெயிட் துள்ளுகிறது, ஆவி பீறிட்டு அடிக்கிறது, பருப்பு வாசனை கமகமக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. தன் காதுதான் போய்விட்டதோ என்று பயந்து ஒரு டம்ளரைக் கீழே போட்டுப் பார்த்தாள். டணாரென்று கேட்டது. ரோட்டில் லாரி போவதும் கேட்டது. பின்பக்கம் தேய்க்கப் போட்டிருந்த குக்கர் வெயிட்டை முந்தின மாலை குட்டி நக்கிக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

புதன்கிழமை வந்தது. அலமாரிக்கு அடியில் கிடந்த கொலுசைக் குட்டி வெளியே இழுத்துப்போட்டு, ஒவ்வொரு முத்தாக, பொறுமையாக நக்கியது. அலமு அதைப் பிடுங்கிக் காதருகே ஆட்டினாள். முத்துகள் குலுங்கின. வெறும் குலுக்கல். குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தது. வந்து மூன்று நாளாகிறது. பசிக்குக்கூட ஒரு முனகல் கிடையாது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

வியாழன் மத்தியானம். பள்ளிக்கூடம் அரைநாள் என்பதால் பூர்ணிமா பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் போர்வை கட்டிய இருட்டு. துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்த அலமு வாசலிலேயே நின்றாள். புருஷனின் குறட்டை இல்லை. மார்பு மட்டும் ஏறி இறங்கியது. மூக்கோரம் ஈரம்.

பாயைப் பார்த்தாள்.

குட்டி பிள்ளையின் மார்பில் உட்கார்ந்திருந்தது. கழுத்தை நக்கியது. மெதுவாக. தொண்டைக்குழியில்.

அலமு அதைப் பிடித்து வீசினாள். சுவரில் மோதி விழுந்தது. கத்தவில்லை. கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"எந்திரிங்க. அந்த நாயி இன்னா பண்ணுது தெரியுமா? எந்திரிங்க."

தேவநாதன் கண்ணைத் திறந்தான். நன்றாகத் தூங்கித் தெளிந்த முகம். அவள் மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

"உங்களுக்கு முன்னயே தெரியும்," என்றாள்.

அவன் சுவரைப் பார்த்தான். "கோதண்டம் சொன்னாரு. அது கீற வூட்ல சத்தம் தங்காதாம். ஆபீசர் பொண்ணுக்குப் பேச்சு நின்னுபோய்த்தான் காலி பண்ணிக்கினு பூட்டாங்களாம்."

"தெரிஞ்சே தூக்கிக்கினு வந்தீங்களா? புள்ள இருக்கிற வூட்டுக்கு?"

"ஒரு வாரம், அலமு. ஒரே வாரம் தூங்கிட்டுத் திருப்பிக் குடுத்துர்லாம்னு இருந்தேன்." நாலு விரல் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "முதல்ல சாமானுங்களத்தான் தொடுமாம். புள்ளைங்ககிட்ட வர்றதுக்கு நாளாவும்னாரு."

எட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். பெற்ற பிள்ளையை வைத்து நாள் கணக்குப் பார்த்திருக்கிறான்.

பாய் அசைந்தது. பூர்ணிமா எழுந்து நின்றாள். அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. மறுபடி. தொண்டை நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

கட்டிலுக்கு அடியில், முதல்முறையாக, குட்டி வாயைத் திறந்தது.

அந்த வாய்க்குள்ளிருந்து தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. குக்கர் மூன்று விசில் விட்டது. கொலுசு சிணுங்கியது. தேவநாதனின் குறட்டை ஒருமுறை இழுத்து நின்றது. பிறகு அலமு பெற்ற பிள்ளையின் குரல், தூக்கக் கலக்கத்தோடு:

"சத்தம் போடாத மா. அப்பா தூங்குது."

தேவநாதன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.