உள்பக்கத் தாழ்ப்பாள்

திங்கட்கிழமை காலையில் நிலவறைக் கதவு திறக்கவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

லியோனா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு முழுவதும் தெற்கிலிருந்து அனல்காற்று அடித்து, உழுத வயல்களின் புழுதியை வாரி வந்து அடுக்களைக்குள் கொட்டியிருந்தது. விடிந்து பார்த்தால் வடக்கிலிருந்து குளிர், ஜூன் மாதத்தில் சன்னல் கண்ணாடியில் மூச்சு படிகிறது. ஹோலப் ஊரில் கோடை இப்படித்தான் வரும். காலையில் துணி காயப்போட்டவள் சாயங்காலம் அதைப் பக்கத்து ஊரில் போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்வார்கள். அதனால் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு எடுக்கக் கூடையுடன் கொல்லைக்குப் போனாள். மண்மேட்டில் சாய்வாகப் பதித்திருந்த பலகைக் கதவைப் பிடித்து இழுத்தாள். ஒரு விரல் அகலம் வந்தது. பிறகு இரும்பு இரும்பில் முட்டும் சத்தம்.

அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளே கிடையாது. சுழல்காற்று வரும்போது உள்ளே இறங்கிப் போட்டுக்கொள்வதற்கு மட்டும்தான் தாழ்ப்பாள். போடக்கூடிய மூன்று பேரும் வெளியே இருந்தார்கள். கணவன் எமில் அடுக்களையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். மகள் டெஸ்ஸா இன்னும் தூக்கத்தில் இருந்தாள்.

"குளிருக்கு மரம் இறுகியிருக்கும்," என்றான் எமில்.

"மரம் இறுகுனா தாழ்ப்பாள் எப்படிப்பா தானா நகரும்?"

"அப்போ எலி போட்டிருக்கும். உன் சமையலுக்குப் பயந்த எலி."

கதவிடுக்கில் ரம்பத்தின் அலகைச் செருகித் தாழ்ப்பாளை மெல்ல மெல்லத் தள்ளித் திறந்துவிட்டு, தானியக் கிடங்குக்கு வேலைக்குப் போய்விட்டான். அவள் இறங்கிப் பார்த்தாள். கிழங்கு மூட்டை, பீச் பழ ஜாடிகள், மண்ணெண்ணெய் விளக்கு, சுவரோரம் நீளப் பலகை. யாரும் இல்லை. மண்வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை மட்டும் இருந்தது, ஒருவர் தூங்கி எழுந்துபோன படுக்கையில் இருக்குமே, அது. பலகையின் கதவோர முனையில், எப்போதும் அவள் உட்காரும் இடத்தில், எதற்கென்று தெரியாமல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கிழங்கு எடுக்காமலே மேலே வந்துவிட்டாள். எமிலிடம் சொல்லவில்லை. சொன்னால் எலிக்குக் காய்ச்சல் என்பான்.

செவ்வாய்க்கிழமை ஊரை மூடுபனி மூடிக்கொண்டது. தானியக் கிடங்கின் கோபுரம்கூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஆக்னஸ் அத்தை ஒரு தட்டு நிறையக் கொலாச்சி ரொட்டி கொண்டுவந்தாள். நடுவில் கசகசா வைத்தது, சூடு ஆறாதது.

"ஏன்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? வயித்துல ஏதாவது விசேஷமா?"

"சும்மா இருங்க அத்தை. தொண்டைக் கட்டு, அவ்வளவுதான்."

"குரலே மாறிப்போச்சே. நேத்து சாயங்காலம் கொல்லையில யார்கூடப் பேசிட்டிருந்த? வேலி வரைக்கும் கேட்டுச்சு."

லியோனா நேற்றுச் சாயங்காலம் கொல்லைப் பக்கமே போகவில்லை. ரொட்டி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

புதன் மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே கறுத்தது. ஆலங்கட்டி கூரைத் தகரத்தில் விழத் தொடங்கியது. தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது. எமில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். லியோனா கடைசியாக இறங்கிக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

ஹோலப் ஊரில் எல்லா வீட்டிலும் இதற்கு ஒரு முறை உண்டு. ஜெபம் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். இருட்டில் வீட்டுக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி, தலை எண்ணி முடித்த பிறகுதான் விளக்கேற்றுவார்கள். அப்புறம் சங்கு மறுபடி ஊதும்வரை எவர் தட்டினாலும், கூப்பிட்டாலும், கதவைத் திறக்கக் கூடாது. காற்றுக்குக் கை உண்டு, அது தட்டும் என்பார்கள். எமிலின் தாத்தா காலத்தில் ஒரு குடும்பம், எண்ணி முடித்த பிறகும், தட்டுகிற சத்தத்துக்கு இரக்கப்பட்டுத் திறந்ததாம். மறுநாள் அந்தத் திறந்த கதவு மட்டும் கிடைத்தது.

"டெஸ்ஸா?"

"இருக்கேன்!"

"லியோனா?"

"இருக்கேன்."

எமில் தீக்குச்சியைக் கிழித்தான். விளக்கு எரிந்தது. மூன்று பேர். டெஸ்ஸா வழக்கம்போல அம்மா மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். லியோனா உச்சியிலிருந்து பிடரிவரை அவள் தலைமுடியைத் தடவிக்கொடுத்தாள். ஆனால் லியோனா இன்னும் வாயே திறக்கவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எமிலிடம் சொன்னாள்.

"நான் சொல்லலைப்பா."

"நீதான்டி சொன்ன. என் காதால கேட்டேன்."

"கேட்டது என் குரல். சொன்னது நான் இல்ல."

அவன் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஆலங்கட்டி போட்ட சத்தத்துல நீ என்ன சொன்னேன்னு உனக்கே தெரியாது. போய்ப் படு."

படுத்தாள். தூக்கம் வரவில்லை. மிக அருகில் கேட்ட குரல் அது, காதோரம், கதவுப் பக்கத்திலிருந்து. அவள்தான் கடைசி; அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மட்டும்தான். அப்படியென்றால் அது கதவுக்கு வெளியே நின்று, ரம்பம் நுழைந்த அந்த இடுக்கு வழியாகப் பேசியிருக்க வேண்டும். வெளியே இருக்கிறது, உள்ளே வரப் பார்க்கிறது. இப்படி நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வெளியே இருப்பதை வெளியே வைத்துப் பூட்டத்தானே கதவு.

வியாழன் கழுவிவிட்டது போல விடிந்தது. வேலிக் கம்பங்களில் புல்வெளிக் குருவிகள் கத்தின, கோதுமை பச்சையாக அலையடித்தது, இந்த வானமா நேற்றுக் கல் எறிந்தது என்று இருந்தது. லியோனா இரும்புக்கடையில் கட்டைவிரல் தடிமனில் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து தன் கையாலேயே பொருத்தினாள். கதவிடுக்கின் நீளத்துக்குத் தகரப் பட்டை அடித்தாள். இனி ரம்பம் என்ன, புல்கூட நுழையாது. பிறகு டெஸ்ஸாவைப் படியில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"எண்ணி முடிச்சாச்சுன்னா?"

"திறக்கக் கூடாது."

"யார் கூப்பிட்டா?"

"யார் கூப்பிட்டாலும்."

"அம்மா குரல்ல கூப்பிட்டா?"

டெஸ்ஸா கலகலவென்று சிரித்தாள். "நீதான் உள்ள இருப்பியேம்மா!"

"ஆமாடி தங்கம். உள்ள இருக்கறவதான் அம்மா. வெளில கேக்கறது அம்மா இல்ல. சொல்லு."

"உள்ள இருக்கறவதான் அம்மா. வெளில கேக்கறது அம்மா இல்ல."

மூன்று முறை சொல்லவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காற்று நின்றுபோனது. இந்தச் சமவெளியில் காற்று நிற்பது என்பது யாரோ பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு உங்களையே பார்ப்பது போல. காற்றாலையின் இறக்கை அசையவில்லை. குருவிகள் எங்கே போயினவோ. சட்டை முதுகோடு ஒட்டியது. மாலையில் காய்ந்த துணி எடுக்கப் போனவள், நிலவறை மேட்டைத் தாண்டும்போது நின்றாள். மேட்டின் உச்சியில் காற்றுக்காக ஒரு தகரக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஏதோ சத்தம். தவளையாக இருக்கும் என்று குனிந்தாள்.

"இருக்கேன்."

மிகத் தாழ்ந்த குரல்.

"இருக்கேன். இருக்... கேன். இருக்கேன்."

ஒன்றில் களைப்பு. ஒன்றில் தொண்டைக் கட்டு. ஒன்று டெஸ்ஸாவைக் கொஞ்சும்போது அவளுக்கு வரும் குழைவு. சரியாக வரும்வரை விடாமல், பாடம் படிப்பது போல.

துணிகள் புல்லில் கிடந்தன. எப்படி வீட்டுக்குள் வந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே இல்லை. அது வெளியே இல்லவே இல்லை. அவள் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டிருப்பது உள்ளே இருக்கும் அதற்குத்தான்.

எமில் வந்ததும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் டார்ச்சுடன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றுமில்லை என்றான். அவள் விடவில்லை.

"அந்தக் குழிக்குள்ள டெஸ்ஸா இறங்கக் கூடாது. சத்தியம் பண்ணு எமில். எதுவா இருந்தாலும் கோயிலுக்கு அடியில இருக்கிற அறைக்குப் போயிடலாம்."

"சரி தாயே, சரி. போதுமா? அழாத."

அவன் நல்லவன். சொன்னதைச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்திருப்பான்.

சனிக்கிழமை தேவாலயத்தில் கோடை விருந்து. லியோனா காலையிலேயே போய் ஆக்னஸ் அத்தையுடன் மாவு உருட்ட நின்றாள். எமிலும் குழந்தையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. காலை முழுக்க வெயில், மழை, மறுபடி வெயில். பிறகு அடுக்களை சன்னலில் வெளிச்சம் நிறம் மாறியது. மாவு பச்சையாகத் தெரிந்தது. கைகள் பச்சையாகத் தெரிந்தன.

சங்கு ஊதியது.

தொலைபேசியை எடுத்தாள். உயிரே இல்லை.

"எங்கடி ஓடற? பைத்தியமா உனக்கு? கீழ வா!"

"அத்தை, குழந்தை!"

"எமில் பாத்துப்பான்டி! நிலவறை இருக்குல்ல!"

அதைக் கேட்டுத்தான் அவள் ஓடினாள்.

காரை எடுத்தாள். மழை பக்கவாட்டில் வந்தது. நெடுஞ்சாலைக்கு மேற்கே, மேகத்திலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்கி நிலத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும். வீட்டு வாசலில் எமிலின் வண்டி நின்றது. டெஸ்ஸாவின் ஒரு செருப்பு வண்டிக்குப் பக்கத்தில் சேற்றில் கிடந்தது. கிளம்பத்தான் பார்த்திருக்கிறார்கள். நேரம் இல்லாமல் போயிருக்கிறது.

வீட்டுக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. நிலவறைக் கதவு மூடியிருந்தது.

இழுத்தாள். அசையவே இல்லை. புதுத் தாழ்ப்பாள், நல்ல இரும்பு.

குழாய் வழியாக உள்ளிருந்து பேச்சு மேலே வந்தது. எமிலின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"டெஸ்ஸா?"

"இருக்கேன்!"

"அம்மா வந்துடுவாடா, பயப்படாத. அவ கோயில்ல..."

"இருக்கேன்."

பிறகு எமில் சிரித்தான். பயம் தெளிந்த மனிதனின் பெரிய சிரிப்பு.

"அடிப்பாவி! இங்க வரவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு, எங்களுக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கியா? கார் சத்தம்கூடக் கேக்கலையே!"

லியோனா இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள். "எமில்! அது நான் இல்ல! திற! டெஸ்ஸா, வெளிய வாடி! எமில்!"

உள்ளே பேச்சு நின்றது.

"யாரோ தட்டறாங்கப்பா," என்றாள் டெஸ்ஸா.

"காத்துடா."

"அம்மா குரல்ல கூப்பிடுதுப்பா."

எமில் எழுந்திருப்பான் போல. பலகை கிறீச்சிட்டது. பாதம் படியில் பட்டது. ஒரு படி. அவன் வருகிறான். கடவுளே, வருகிறான்.

"எமில்." உள்ளிருந்த குரல் அமைதியாக, கொஞ்சம் களைப்பாக, தொண்டை கட்டி இருந்தது. "எண்ணி முடிச்சாச்சு. டெஸ்ஸா, நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

குழந்தை தயங்கவே இல்லை. மனப்பாடம் ஒப்பித்தாள்.

"உள்ள இருக்கறவதான் அம்மா. வெளில கேக்கறது அம்மா இல்ல."

பாதம் படியிலிருந்து இறங்கியது.

காது அடைத்தது. கோழிக்கூட்டின் கூரை பறந்தது. லியோனா நகங்களால் தகரப் பட்டையைப் பிய்த்தாள். விரலில் ரத்தம். ஓர் ஆணி வந்தது. இன்னொன்று. காற்று மீதியைப் பிடுங்கிக்கொண்டு போனது. இடுக்கு தெரிந்தது. கை நுழையாது. கண் நுழையும்.

உள்ளே எமில் தீக்குச்சி கிழித்தான். ஈரத்தில் பற்றவில்லை. மறுபடி கிழித்தான். அவளுக்குப் பின்னால் நிலம் உறுமிக்கொண்டு வந்தது. அவள் திரும்பவில்லை. கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கில் வைத்து, குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விளக்கு பற்றியது.

எமிலின் குனிந்த முதுகு தெரிந்தது. பலகையின் கதவோர முனையில் ஒரு மடி தெரிந்தது, அதில் டெஸ்ஸாவின் தலை, அடம்பிடித்து இறுக மூடிய கண்கள். அந்தத் தலைமுடியை ஒரு கை தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. மெதுவாக, மிகவும் பிரியமாக, பிடரியிலிருந்து உச்சிக்கு.