பாதரசச் சத்தியம்

"ஆ...!"

பெருந்துறை தொழிற்பேட்டையில், அந்த பல்பு மறுசுழற்சி ஆலையே அதிரும்படி அலறினாள் அஃப்ஷீன்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாதரச ரூம் கதவைத் திறந்தவள் கண்ட காட்சி அப்படி!

சூப்பர்வைசர் சபரீஷ், பழைய சிஎஃப்எல் பல்புகள் நிறைந்த டிரம்முக்குள் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தான்.

பின்மண்டை பிளந்திருந்தது. கழுத்தெல்லாம் கண்ணாடிச் சில்லு. மேஜைமேல் இருந்த பாதரச பாட்டில் உடைந்து, தரையில் ரத்தத்தோடு ரத்தமாகப் பாதரசம் குண்டு குண்டாக உருண்டு கொண்டிருந்தது.

கழித்துப்போட்ட பல்புகளை உடைத்து, உள்ளே இருக்கும் பாதரசத்தைப் பத்திரமாகப் பிரித்தெடுப்பது அந்த ஆலையின் வேலை. அஃப்ஷீன் அங்கே கெமிஸ்ட்.

"யாரும் உள்ள வராதீங்க! ஆவி நெஞ்சுக்குள்ள போயிரும்!"

கத்திக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

போலீஸ் வந்தது. பொழுது சாய்வதற்குள் கொலைகாரனையும் பிடித்து வந்துவிட்டது. அப்பப்பா, என்ன சுறுசுறுப்பு!

பிடித்து வந்தது யாரை?

முஜீப்பை! அஃப்ஷீனின் கூடப்பிறந்த அண்ணன். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பழைய சாமான் வியாபாரம். கடை கடையாகப் பழைய பல்புகளைச் சேர்த்து இந்த ஆலைக்கு வேனில் கொண்டு வருகிறவன்.

ஆலை முற்றத்தில் அவனை மண்டி போட வைத்திருந்தார்கள். கைகளில் விலங்கு. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது.

இன்ஸ்பெக்டர் லோகப்பிரியா லத்தியால் அவன் முகவாயை நிமிர்த்தினாள்.

"நேத்து சபரீஷை வெட்டிப்போடுவேன்னு கத்துனியா, இல்லியா?"

"கத்துனேனுங்க மேடம்! நான் கொண்டாந்த பல்பையெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல கொட்டிப்போட்டாங்க. ஊரே குடிக்கிற தண்ணிங்க அது! சபரீஷ் வேலைன்னு நெனச்சுட்டேன். ஆனா அல்லா சத்தியமா நான் கொல்லலீங்க!"

ஒரு கான்ஸ்டபிளின் லத்தி அவன் முதுகில் இறங்கியது.

படார்!

"அண்ணா!"

அஃப்ஷீன் பாய்ந்து குறுக்கே விழுந்தாள். அடுத்த அடி அவள் தோளில் விழுந்தது. வலியில் உயிர் போனது. நகரவில்லையே அவள்!

"அடிக்காதீங்க மேடம்! செலவை மிச்சம் பண்ணக் கொட்டினது சபரீஷ் இல்ல, எங்க முதலாளி! காலைலதான் சபரீஷ் சார் எங்கிட்ட சொன்னாரு. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், நாளைக்கே மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல போய் எல்லாத்தையும் சொல்லப்போறேன்னாரு. இப்பப் பொணமாக் கெடக்கறாரு!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கந்தப்பன் நின்றிருந்தார். ஆலை முதலாளி. பக்கத்தில் அவர் சம்சாரம் தெய்வாத்தாள். அவர்கள் வீடு ஆலைக்குப் பின்னாலேயே இருக்கிறது.

கந்தப்பன் சிரித்தார்.

"ஏனுங்க மேடம், அண்ணனைக் காப்பாத்தோணும்னா அம்மணி என்ன வேணாலும் சொல்லும். நான் காலைலருந்து ஊட்டை உட்டே வெளிய வரலீங்க."

"அதுக்கு சாட்சி?"

"நானிருக்கேனுங்க!"

தெய்வாத்தாள் விறுவிறுவென்று முன்னால் வந்தாள். சேலைக்குள் கைவிட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்தாலி மேல சத்தியமுங்க! எங்க ஊட்டுக்காரரு ஊட்லதான் இருந்தாரு!"

அஃப்ஷீன் அந்தத் தாலியையே பார்த்தாள்.

"மேடம்... அவங்க தாலியைப் பாருங்க!"

"ஏன், அதுக்கென்ன? வெள்ளித் தாலி..." என்றாள் லோகப்பிரியா.

தெய்வாத்தாளுக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது.

"வெள்ளியா? அத்தனையும் பவுனுங்க!"

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

பவுன் தாலி பாதிக்கு மேல் வெளுத்துப் போயிருந்தது!

"பாதரசம் பட்டா தங்கம் இப்படித்தான் வெளுத்துப் போகுமுங்க மேடம்!" அஃப்ஷீன் தாலியைச் சுட்டிக் காட்டினாள். "அந்த ரூமுக்குள்ள போறதுன்னா கம்மல், வளையல், மோதிரம் எல்லாத்தையும் நாங்க வாசல்லயே கழட்டி வெச்சுட்டுத்தான் போவோம். பாட்டில் ஒடஞ்சது இன்னிக்கு மத்தியானம். இவங்க உள்ள போயிருக்காங்க. தாலியை மட்டும் கழட்டாம போயிருக்காங்க!"

"அவரு உசுரோட இருக்கறப்போ தாலியை எப்படிடீ கழட்டுவேன்?"

தெய்வாத்தாள் வீறிட்டாள்.

வீறிட்ட பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

அவ்வளவுதான்!

முற்றத்தில் கைக்கெட்டிய டிரம்மிலிருந்து ஒரு பல்பை உருவினாள். விளிம்பில் ஓங்கி அடித்தாள். சிலீர்! அஃப்ஷீனின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, உடைந்த கண்ணாடியை அவள் கழுத்தில் வைத்து அழுத்தினாள்.

"உன்னையும் அவனாட்டவே கொன்னுபோடுவேன்! கம்பியில ஒரே போடுதான் போட்டேன். எம்மேல வந்து உழுந்தான், எம் பக்கத்துல பாட்டிலு ஒடஞ்சு மேலெல்லாம் தெறிச்சுது. தூக்கி டிரம்முக்குள்ள செருகிப்போட்டேன். எங்க குடும்பத்தை ஜெயிலுக்கு அனுப்பறவன் எவனா இருந்தாலும் உடமாட்டேன்!"

அஃப்ஷீனின் கழுத்தில் ரத்தம் கோடாக இறங்கியது.

"எந்தங்கச்சியைத் தொடாத!"

முஜீப் விலங்கிட்ட கைகளோடு எழுந்து பாய்ந்தான். தலையால் தெய்வாத்தாளின் விலாவில் முட்டினான். மூன்று பேரும் புழுதியில் உருண்டார்கள். கண்ணாடி முஜீப்பின் கன்னத்தைக் கிழித்தது. லோகப்பிரியாவின் லத்தி சுழன்று தெய்வாத்தாளின் மணிக்கட்டில் இறங்கியது.

சடக்!

எலும்பு முறிந்த சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

"ஐயோ... அம்மா...!"

கான்ஸ்டபிள் ஓடிவந்து முஜீப்பின் விலங்கைக் கழற்றினான். விடுபட்ட கைகளாலேயே அண்ணன் தங்கையின் கழுத்துக் காயத்தைப் பொத்தினான். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

கந்தப்பனின் முகம் கோபத்தில் கோணியது. பெண்டாட்டியைப் பார்த்து வெடித்தார்.

"முட்டாள் சிறுக்கி! உள்ள போறப்போ மேல பொட்டுத் தங்கம் இருக்கக்கூடாது, எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் போன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டு அனுப்பி வெச்சேனே! கேட்டியாடி?"

சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா? கந்தப்பன் எச்சிலைத்தான் விழுங்கினார்.

லோகப்பிரியா இன்னொரு விலங்கை எடுத்துக்கொண்டு, அவரிடம் சிரித்தபடி வந்தாள்.

"அடடா... இத்தனை வருசம் கூட வாழ்ந்த சம்சாரத்தை ஜெயிலுக்குத் தனியா அனுப்பலாமுங்களா? நீங்களும் ஏறுங்க ஜீப்புல!"