குவாரியில் பதிவான சிரிப்பு

சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

மாப்பிள்ளை வேடக்காரன் வழுக்கி விழுந்து அலறுகிறான், கூட்டம் சிரிக்கிறது, உடனே மாமியார் வசனம். வசனம் வந்தது. அதற்கடியில் ஒருவர் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். முனிராஜ் டேப் ஸ்பூலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை இரண்டு பேர்.

கடத்தூர் சந்தைத் தெருவில் அவனுடைய ரெக்கார்டிங் கடைக்குப் பின்னால் இருந்த அறை அது. வெளிச்சத்தம் நுழையாமலிருக்க நாலு சுவரிலும் சாக்கும் ஜமக்காளமும் அடித்திருந்தான். கதவைச் சாத்தினால் நடுப்பகலும் இருட்டுதான். தக்காளிக்காரியின் கூவல் கத்தியால் வெட்டியதுபோல நின்றுபோகும், பிறகு மெஷினின் முனகலும் சூடேறிய டேப்பின் வாசனையும் அவனுடைய வியர்வை நாற்றமும்தான் மிச்சம்.

ஸ்பூல் பச்சியப்பனுடையது. குவாரி முதலாளி, நாடகப் பைத்தியம். பதினாறு வருசத்துக்கு முன்னால் தீபாவளிக்கென்று நகைச்சுவை நாடகம் தயாரித்து ரேடியோவுக்குக் கொடுத்தவர். சிரிக்க ஆள் வேண்டுமென்று கல்லுடைக்கிற சனத்தைக் குழியோரத்துத் தகரக் கொட்டகைக்குள் உட்கார வைத்தார். "நான் கர்ச்சீப்ப ஆட்டுனா சிரிக்கோணும். சிரிக்காதவன் நாளைக்கு வேலைக்கு வர வேணாம்" என்றார். சிரித்தார்கள். வயிறு சொன்னபடி சிரித்தார்கள்.

வேட்டுக்கு முன்னால் ஆட்களை விலகச் சொல்லி ஊதுகிற விசில் பதிவில் விழுந்துவிடும் என்று அன்றைக்கு அதை ஊதக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். வேட்டை நிறுத்தச் சொல்லவில்லை, விசிலை மட்டும். வேட்டு வைக்கிற நேரத்துக்குள் நாடகம் முடிந்துவிடும் என்பது அவர் நினைப்பு. முடியவில்லை. குழிக்குள் சல்லி அள்ளிக்கொண்டிருந்த செல்லிக்கு விசில் கேட்கவில்லை. பாறை வெடித்தது. கொட்டகையில் கர்ச்சீப் ஆடியது. சனம் சிரித்தது. அந்தச் சத்தத்தை மாமியார் அடுப்பு வெடித்ததாக வைத்துக்கொண்டு நாடகம் மேலே போனது. தீபாவளியன்று மாவட்டமே அதைக் கேட்டுச் சிரித்தது.

செல்லி முனிராஜின் அம்மா. அவன் அப்போது பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தான். வந்து பார்த்தது மண்மேட்டைத்தான். ஒரு போட்டோகூடக் கிடையாது.

வெடிச் சத்தம் வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு காதைக் கொடுத்தான். சிரிப்புக்கு அந்தப் பக்கம், மெலிசாக, குழியின் ஆழத்திலிருந்து: "அய்யோ, விசிலே ஊதலியே!"

அவள் குரல். உலகத்தில் அவளுடையதென்று மிச்சமிருந்த ஒரே பொருள். அதைத்தான் அழிக்கச் சொல்லியிருந்தார் பச்சியப்பன்.

மறுபடி ஓட்டினான். சிரிப்பு கிட்டத்தில் வந்திருந்தது. கொட்டகையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மைக்கை நோக்கி நடந்து வந்ததுபோல. மூச்சிழுப்பு கேட்டது. ஈளை கரகரத்தது. அறைக்குள் வேட்டு மருந்தின் காந்தல் ஏறியது. ஒலியை முழுக்கக் குறைத்தான். மீட்டர் முள் துள்ளிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. துண்டை உதறிக்கொண்டு பச்சியப்பன் வந்தார்.

"என்னாப்பா முனிராசு, அடைகாக்கறயா? அறுபதாங் கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கெல்லாம் கேசட்டு குடுக்கோணும்."

"அந்தப் பொம்பள குரல வெட்டுனா நல்லா இருக்காதுங்க மொதலாளி."

"சாவு ஓலம் என்னாத்துக்குடா கல்யாணத்துல? வெட்டிப்புடு. அப்புறம் ஸ்பூலையும் என் கண்ணு முன்னால அழிச்சிரு. நாளைக்கு எவனாச்சும் கேசு, கீசுன்னு வருவான்."

"அது யாருன்னு தெரியுங்களா?"

"எவளோ கூலிக்காரி. பேரெல்லாமா ஞாபகம் வெப்பாங்க?"

முனிராஜ் ஸ்டூலை விட்டு எழுந்தான். சுத்தியல் இருந்திருந்தால் எடுத்திருப்பான்.

"எங்கம்மாங்க. செல்லி."

பச்சியப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வெட்கமில்லை; கடைக்காரன் விலை ஏற்றுகிறான் என்று நினைக்கிற பார்வை. "அப்ப நீயே அழிக்கறதுதான் மொற. கேசட்டே வேணாம், தள்ளு" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தயாரிப்பாளருக்குப் பட்டன் தெரியாமலா? டேப்பை முதலிலிருந்து வைத்து, மைக் வயரைப் பிடுங்கிவிட்டு, பழையதன் மேல் வெறுமை பதியட்டும் என்று பதிவுப் பட்டனை அழுத்தினார்.

முனிராஜ் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். கை அசையவில்லை. கல்லாகக் கனத்தது. ஜில்லென்றிருந்தது. மெஷினின் நிறுத்துப் பட்டனும் இறங்கவில்லை.

ஸ்பூல் சுற்றியது. வெறும் டேப் வெளியே வந்தது. முள் தரையோடு படுத்துக் கிடந்தது. மாமியார் போனாள், மாப்பிள்ளை போனான், வெடி போனது. அம்மா போனாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

டேப் தீர்ந்து நுனி படபடவென்று அடித்தது.

பச்சியப்பன் சிரித்தார். சாதாரணமாகத்தான், வேலை முடிந்த திருப்தியில்.

நிறுத்தவில்லை.

"மொதலாளி."

ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். மெஷினை அணைத்தான். சிரிப்பு ஏறியது. அவர் குரலோடு ஒரு கிழவன் குரல். பிறகு ஒரு பெண். இருமிக்கொண்டே சிரிக்கிற ஒருவன். ஒரே வாய். கொட்டகை நிறைய ஆட்கள். அவர் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவை முனிராஜைக் கெஞ்சின.

கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. இடித்தான். ஜமக்காளத்துக்குப் பின்னால் மரம் இல்லை. பாறை.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. எல்லாரும் ஒரே சமயத்தில்.

அவர் தாடை இன்னும் இறங்கியது. இறங்க முடியாத அளவுக்கு. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் கல்தூள் ஒழுகி வேட்டியில் குவிந்தது. உள்ளே, தொண்டைக்கும் கீழே, ஏதோ புரண்டது. பிறகு பச்சியப்பனின் வாய்க்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ராசு. மூச்சு முட்டுதுடா சாமி. கையக் குடு."

பற்களுக்குப் பின்னால், தூளுக்குள்ளிருந்து, நகமில்லாத விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அவனைத் தேடின.