பீச்சாங்கை

ஒரு வாய் குடித்ததும் துப்பிவிட்டாள். தேநீர் பாகாய் இனித்தது. அவள் சர்க்கரையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. அந்த வீட்டில் மூன்று கரண்டி போட்டுக் குடிப்பவர் அவள் கணவர் ஒருவர்தான்; அவரும் ஆறு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார். சர்க்கரை டப்பா திறந்திருந்தது. கரண்டி அவளுடைய இடது கையில் இருந்தது. ஏதோ நினைப்பில் போட்டுத் தொலைத்தோம் என்று தொட்டியில் ஊற்றிவிட்டு, மதிய மழையில் நசநசத்துக் கிடந்த சமையலறையில் நின்று இன்னொரு கோப்பை கலந்தாள். இந்தத் தடவை கையைப் பார்த்துக்கொண்டே கலந்தாள்.

அந்தக் கைதான் அவளுக்குச் சோறு போடுகிறது. துணி திருத்திக் கொடுக்கும் கடை ஒன்றில் வெட்டுகிற வேலை. சாக்பீஸ் கோட்டை விட்டு ஒரு நூல் விலகாமல் கத்தரி ஓடும். கடையில் அவளுக்கு 'இடக்கை அக்கா' என்று பெயர். வீட்டில் அதே கைக்கு வேறு பெயர். கல்யாணமான முதல் வாரத்தில் தண்ணீர்த் தம்ளரை இடது கையால் நீட்டியபோது கணவர் அதைத் தட்டிவிட்டார். "பீச்சாங்கையால குடுக்கிறியே, உங்க வீட்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" அன்று தொடங்கி இருபத்தாறு வருடம் அவளுக்குப் பெயரே அதுதான். ஏய் பீச்சாங்கை, செருப்ப எடு. ஏய் பீச்சாங்கை, எங்க போய்த் தொலைஞ்ச? பதில் தாமதமானால் அவருடைய வலது கை அவளுடைய மேற்கையின் உள்பக்கச் சதையைப் பிடித்துத் திருகும். ரவிக்கைக்குள் மறைகிற இடமாகப் பார்த்துத் திருகுவார். விவரமான மனிதர்.

பக்கவாதம் அந்த வலது கையைத்தான் வாங்கிக்கொண்டது. கூடவே பேச்சையும். நல்லா வேணும் என்று அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லாத நாளும் இல்லை.

அவள் வந்து தங்குவதற்காகத் தங்கை தன் வீட்டு மாடியறையைக் காலி செய்து வைத்திருந்தாள். கணவருடைய அண்ணனும் இறங்கி வந்திருந்தார். "தன் கையால எடுத்துச் சாப்பிட்டுக்கிட்டா நான் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிறேன். ஊட்டிவிடறதுக்கெல்லாம் எங்க வீட்ல ஆள் இல்லம்மா." அவளுடைய விடுதலை அந்த மனிதர் ஒரு கரண்டியைத் தூக்குவதில் மாட்டிக்கொண்டு நின்றது. இரண்டு முறை எல்லாவற்றையும் உதறிவிட்டு வருகிறேன் என்று தங்கையிடம் சொன்னாள். இரண்டு முறையும் வாசல்வரை போய், அவர் பட்டினி கிடப்பாரே என்று திரும்பிவிட்டாள்.

பயிற்சி கொடுக்க வாரம் ஒரு முறை ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். மேசைமேல் கண்ணாடியை நிறுத்தி, விளங்காத கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் அசைக்கச் சொல்வாள். கண்ணாடிக்குள் இடது கை வலது கையாகத் தெரியும்.

"மூளைய ஏமாத்தறோம்மா. கண்ணு பாக்கிறத அது நம்பிடும். நம்பி நம்பி அந்தக் கைக்குப் புதுசா ஒரு வழி போட்டுக்கும். முதல்ல ஒவ்வொரு விரலுக்கும் யோசிக்கணும், வேர்த்து ஊத்தும். பழகிட்டா யோசனையே வேணாம். நீங்க கத்தரி பிடிக்கிறப்போ யோசிச்சா பிடிக்கிறீங்க?"

ஆனால் அவர் இடது கையை வெளியே எடுக்கவே மறுத்தார். போர்வைக்குள் செருகிக்கொண்டு, அசைகிற பாதி முகத்தால் அருவருப்பைக் காட்டினார். வாழ்நாள் முழுக்கக் கேவலப்படுத்திய பக்கம் அல்லவா, அதையா மேசைமேல் வைப்பார்! கெஞ்சினாள், கத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு வேலை செய்தாள். அவருடைய முழுக்கைச் சட்டையைத் தான் போட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தோளுக்கு மேலாகத் தன் இடது கையைக் கண்ணாடிக்கு முன் நீட்டினாள்.

"பாருங்க. இது உங்க கைதான்."

பார்த்தார். தினமும் ஒரு மணி நேரம், நாற்பத்திரண்டு நாள். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடுவாள், கரண்டியை எடுப்பாள், வைப்பாள். தைலமும் பழைய வியர்வையும் கலந்த வாடை அவர் பிடரியிலிருந்து அவள் மூக்கில் ஏறும். அவர் கண் கொட்டமாட்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாய்க் கட்டி மூக்கு நுனியில் சொட்டும். பிசியோதெரபிஸ்ட்டிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாள்.

அவருடைய வலது கை மட்டும் அசையவே இல்லை.

தேநீரில் சர்க்கரை விழுந்ததற்கு மறுநாள், கடையில் ஒரு காற்சட்டையின் காலைக் கோணலாக வெட்டினாள். "இடக்கை அக்காவுக்குக் கண்ணு போச்சுடா" என்று தையல்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். பழக்கமில்லாத ஆள் பிடிப்பதைப் போல அந்தக் கை கத்தரியைப் பிடித்திருந்ததை அவள் மட்டும்தான் பார்த்தாள். அன்று மாலை ஜாக்கெட்டைக் கழற்றும்போது வலது மேற்கையின் உள்பக்கம் வலித்தது. விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். கருநீலமாய் ஒரு கன்றல். கட்டைவிரல் பட்ட இடமும், எதிரே ஆள்காட்டி விரல் பட்ட இடமும் தனித்தனியாகத் தெரிந்தன.

அவர் ஆறு மாதமாக அவளைத் தொடவில்லை.

மறுநாள் பயிற்சியின்போது அவளுக்குக் கை அசந்துபோனது. மேசைமேல் அப்படியே கிடக்கவிட்டாள். வெளியே தகரக் கூரைமேல் மழை சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் கட்டைவிரல் எழுந்தது. ஆள்காட்டி விரலைத் தொட்டது. நடுவிரலைத் தொட்டது. அவள் குனிந்து கண்ணாடிக்கு வெளியே கிடந்த கையைப் பார்த்தாள். அதுவும்தான் அசைந்துகொண்டிருந்தது. அவள் அசைக்கவில்லை. அவர் நெற்றியில் ஒரு வியர்வைத் துளி உருண்டது. வாயின் பாதி சிரித்தது.

கையை வெடுக்கென்று இழுத்தாள். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். அந்த வாரம் வந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டாள்.

"தப்பாக் கத்துக்கிட்டத மூளை மறந்துடுமா?"

"சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டவங்க யாராவது மறந்து பாத்திருக்கீங்களாம்மா?" என்று அவள் சிரித்தாள்.

அன்றே தங்கைக்குப் போன் செய்தாள். "அவர் தேறலடி. தேறாட்டிப் போகட்டும். நான் வரேன்." அவர் பட்டினி கிடந்தாலும் சரி, ஊர் காறித் துப்பினாலும் சரி. தன் உடம்பில் தனக்கென்று மிச்சமிருப்பதை அள்ளிக்கொண்டு ஓடிவிட வேண்டும். "நாளைக்கு நாலு மணிக்கு வண்டியோட வரேன். இந்தத் தடவ மட்டும் ஏமாத்தினே, நான் அப்புறம் கூப்பிடவே மாட்டேன்க்கா" என்றாள் தங்கை.

மறுநாள் இடது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வலது கையால் திணறித் திணறிப் பையில் துணிகளை அடைத்தாள். மூன்றரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கு நேராகப் படுக்கையறை. கதவு திறந்திருந்தது. மதியச் சாப்பாடு ஊட்டிவிட்ட மயக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நல்லது. தூங்கட்டும். பார்க்காமல் என்ன செய்துவிட முடியும்?

வண்டி வந்து நின்றது. மழைக்கு மேலாகத் தட்டும் சத்தம்.

"அக்கா! நான்தான்."

பையைத் தோளில் மாட்டினாள். தாழ்ப்பாள் மூன்று எட்டு தள்ளி இருந்தது. ஓர் எட்டு வைத்தாள். இடுப்பில் ஏதோ தளர்ந்தது. துண்டு காலடியில் விழுந்தது.

வரேன், என்று வாயைத் திறந்தாள்.

இடது கை வாயைப் பொத்தியது. மூக்கையும் சேர்த்து.

வலது கையால் பிடித்து இழுத்தாள். விரல் விரலாக நெம்பினாள். பிறாண்டினாள். வருடக்கணக்காகக் கத்தரி பிடித்து உரமேறிய கை. அசையவில்லை. முழங்கால் மடிந்தது. பை சரிந்தது. பையின் அடியில் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. மழை.

"அக்கா? ... மறுபடியும் மனசு மாறிட்டியா?"

இல்லை. இல்லையடி.

"சரி. உன் இஷ்டம். அவரோடயே கிட."

செருப்புச் சத்தம். வண்டிக் கதவு. வண்டி தெருமுனை திரும்பியது.

அதன் பிறகுதான் ஒரு விரல் விலகி, மூக்குக்குக் கொஞ்சம் காற்று விட்டது. கொஞ்சமே கொஞ்சம். தரையில் கிடந்தபடி அவள் படுக்கையறைப் பக்கம் கண்ணைத் திருப்பினாள். எழுந்து உட்கார்ந்து தன்னையே வெறித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள்.

அவர் கண்மூடி இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.