நூறு சதவீதச் சுமை

கணினியில் எந்த வேலையும் நடக்கவில்லை. ஆனாலும் அதன் விசிறி மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற அரசுத் துறை இயக்குநர், பதவி போய் வெகுகாலமாகியும் வாசல் பலகையிலிருந்து அதைப் போகவிடாதவர், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பெட்டியின் பின்பக்கத் துளைகளிலிருந்து வந்த காற்று முழங்காலைச் சுட்டது. சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, அதற்கும் அடியில், நெடுநாள் படுத்திருப்பவர்களின் தலையணையில் வருமே, அந்த வாடை. அவருக்கு அருவருப்பாக இல்லை. மனைவியை மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்ததிலிருந்து அந்த வாடை அவருக்குப் பழகியிருந்தது.

பக்கத்து அறையிலிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க, அந்தப் பொட்டிக்குள்ள மாவு அரைக்கிறீங்களா?"

"நீ தூங்கு. நான் பார்த்துக்கிறேன்."

"நீங்க பார்த்துக்கிறேன்னு சொன்னாலே இருக்கிற தூக்கமும் போயிடுது."

இதயம் பலவீனம், தூக்கம்தான் மருந்து, அது கெட்டால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரைச்சலை நிறுத்தியாக வேண்டும்.

கணினி பழுதுபார்க்கும் மைத்துனனை ஃபோனில் பிடித்தார். அவன் சொன்னபடி, உள்ளே எதெது ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். சிபியு சுமை நூறு சதவீதம் என்றது. தானாக ஓடுகிற புரோகிராம்களை நிறுத்தச் சொன்னான், நிறுத்தினார். பிரௌசரை மூடச் சொன்னான், மூடினார். நூறு இறங்கவில்லை. பட்டியலின் உச்சியில் பெயரில்லாத ஒரு வரி மட்டும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"பேரே இல்லையா? அதைத் தொடாதீங்க மாமா. நான் வந்து பார்க்கிறேன்."

"ஒரு ஆபீஸையே ஓட்டினவன்டா நான்."

"தெரியும் மாமா. நீங்க ரிடையரானப்புறம்தான் அது நல்லா ஓடுதாம்."

ஃபோனை வைத்தார். அந்த வரியை அழுத்தினார். சிறு கட்டம் ஒன்று எழுந்தது. அதற்குள் நாலைந்து வரி ஏதோ எழுதியிருந்தது. கோப்புகளைப் படிக்காமல் கையெழுத்திட்டே உயர்ந்த கை அது. 'சரி'யைத் தட்டிய பிறகுதான் கண் கடைசி வரிக்கு வந்தது.

'இச்சுமை, ஒப்புதல் அளிப்பவர் நீங்கலாக, அருகில் இருப்பவருக்கு மாற்றப்படும்.'

அரசாணை மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

நூறு எண்பதானது. நாற்பது. ஐந்து. விசிறி முனகித் தேய்ந்து நின்றது. வீடு முழுக்க அமைதி பரவியது. குழாய் சொட்டுவதும், பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பதும்கூடக் கேட்டன. அவருக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. நாற்காலியில் சாய்ந்தார்.

பிறகு, மறுபடியும் இரைச்சல்.

திரையைப் பார்த்தார். சுழியம்.

பெட்டியைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

இரைச்சல் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது.

"ஏம்மா?"



எழுந்தார். அறை வாசலில் திரைச்சீலை அவரை நோக்கி உப்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவர்தான் சாத்தினார்.

விலக்கினார்.

மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரே சீராக அந்த இரைச்சல். சூடான தூசிக் காற்று. நிற்காமல்.

கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் நீர் கோத்தது. வழியும் முன்பே காய்ந்தது. மறுபடி கோத்தது.