நாலரைப் பாட்டு

சீட்டி அடிப்பதில் கடுகின் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அது இரண்டு வருடத்துக்கு முந்திய சங்கதி.

அப்பா பெயிண்டர். ஏணி உச்சியில் நின்று சுவருக்கு வண்ணம் பூசும்போது அவருடைய உதடு தானாகக் குவியும். ஊரில் கேட்ட பாட்டு எதையும் அடிக்க மாட்டார். எல்லாம் அவரே இட்டுக்கட்டியவை. எந்தச் சுவரில் வேலையோ, அதுதான் பாட்டுக்கும் பெயர். 'நீல வாசல்', 'மஞ்சள் மாடி', 'பச்சை கேட்.'

"உங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருக்காரா, கச்சேரி பண்ண வந்திருக்காரா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்களாம்.

ஒருநாள் ஏணி சறுக்கியது. கை கால் தப்பியது. முன்பல் இரண்டு போனது. பல் டாக்டர் அழகாகக் கட்டுப்பல் வைத்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு ஆப்பிள்கூடக் கடிக்கலாம். சீட்டி மட்டும் வரவில்லை. உதட்டைக் குவித்தால் 'புஸ்ஸ்' என்று காற்றுதான் வந்தது.

"பஞ்சர் ஆன சைக்கிள் மாதிரி இருக்குல்ல?" என்று அப்பாவே சிரித்தார். அதற்குப் பிறகு அவர் உதட்டைக் குவித்து யாரும் பார்க்கவில்லை.

மிஞ்சியது ஒரு சிடி. பல் போவதற்கு முன்னால், ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் விளையாட்டாகப் பதிந்து கொடுத்தது. ஏழு பாட்டு. ஒவ்வொன்றும் பத்து நிமிடம்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அப்பா வேலை முடிந்து வந்து, கை கழுவி, அதைப் பிளேயரில் போடுவார். கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய விரல் மட்டும் தொடையில் தாளம் போடும்.

அந்தச் சிடியைப் பார்த்தால்தான் கடுகுக்கு வருத்தமாக இருக்கும். மேலே பேனாவால் 'பெயிண்டர் 7' என்று கிறுக்கியிருந்தது. அவ்வளவுதான். இவ்வளவு நல்ல பாட்டுக்கு இப்படி ஒரு முகமா?

கடுகுக்குப் பத்து வயது. பிறக்கும்போது அவ்வளவு சின்னதாக இருந்ததால் வந்த பெயர், வளர்ந்த பிறகும் போகவில்லை.

அன்று சனிக்கிழமை. டைப் அடிக்கும் கடையில் அரைநாள் வேலை முடித்த அம்மா, தம்பி வாண்டுவை முடி வெட்ட அழைத்துப் போயிருந்தாள். வீட்டில் கடுகு மட்டும்தான் இருந்தாள்.

நோட்டுக்கு ஒட்டும் லேபிள் தாள் ஒன்று முழுசாக மிச்சம் இருந்தது. பின்பக்கம் உரித்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதில் ஓர் ஏணி வரைந்தாள். ஏணி மேல் அப்பா. அப்பாவின் உதட்டிலிருந்து ஏழு பறவைகள். வட்டமாக வெட்டினாள், நடுவில் ஓட்டை போட்டாள்.

அவள் கவனமில்லாத பெண் அல்ல. சிடியை ஓரத்தில் மட்டும்தான் பிடித்தாள். பளபளக்கும் அடிப்பக்கத்தில் விரல் படவில்லை. தூசி இருந்ததால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தாள், சுற்றிச் சுற்றித் தேய்க்கவில்லை. பாட்டெல்லாம் அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். பிறகு திருப்பி வைத்து, மேல்பக்கத்தில் படத்தை ஒட்டி, நகத்தால் நன்றாக அழுத்தினாள்.

அழகாகத்தான் இருந்தது. அப்பா பார்ப்பார். "அடடே, இதை யார் செஞ்சது?" என்பார். "நான்தான்" என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் போய் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தாள். "நான்தான்." சற்று அலட்சியமாகச் சொன்னால் இன்னும் நன்றாக இருந்தது.

ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று பிளேயரில் போட்டாள்.

'உர்ர்ர்' என்றது பிளேயர். பிறகு 'தடதட.' பிறகு முகப்பில் எழுத்து ஓடியது: சிடி இல்லை.

"உள்ளே போட்டிருக்கேனே!" என்றாள் கடுகு பிளேயரிடம்.

தட்டை வெளியே வரவழைத்துப் பார்த்தாள். படம் ஒரு நூல் அளவு கோணலாக ஒட்டியிருந்தது. அதனால்தான் ஆடுகிறதோ? உரித்து நேராக ஒட்டினால் சரியாகிவிடும்.

ஓரத்தில் நகத்தை விட்டு, வெடுக்கென்று இழுத்தாள்.

தாளோடு சேர்ந்து வெள்ளியும் வந்தது.

கடுகுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. மிச்சத்தைக் காயத்துக் கட்டைப் பிரிப்பதுபோல மெல்ல மெல்ல உரித்தாள். அங்கே வெள்ளிக்கு ஒன்றும் ஆகாமல் தாள் மட்டும் வந்துவிட்டது. ஆனால் வெளியோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சிடியில் வெள்ளியே இல்லை. வெறும் கண்ணாடிபோல இருந்தது. தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக மின்விசிறி சுற்றுவது தெரிந்தது.

வெள்ளித் தோல் அவள் கையில் இருந்த தாளின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு பறவைகளுக்கு நேர் பின்னால்.

அதைத் திரும்பவும் வைத்து அழுத்திப் பார்த்தாள். தூளாக உதிர்ந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தாளைக் கசக்கிப் பாவாடைப் பைக்குள் திணித்தாள்.

வாண்டு முதலில் ஓடிவந்தான். நாலு வயது. புதிதாக வெட்டிய தலை, உரித்த வெங்காயம்போல இருந்தது. பின்னால் வந்த அம்மா தரையைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். சிடியை எடுத்துப் பார்த்தாள்.

"ஐயோ. யார் செஞ்சது இது?"

அதே கேள்வி. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த அதே கேள்வி. பதில்கூட நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அது அங்கிருந்து நகரவில்லை.

தரையில் கிடந்த தாள் துணுக்குகளை அம்மா குனிந்து பொறுக்கினாள். "லேபிளா? டேய் வாண்டு! பிரிட்ஜ்ல ஒட்டின, கதவுல ஒட்டின, தூங்கற அப்பா நெத்தியில ஒட்டின. முடி வெட்டக் கிளம்பறதுக்கு முன்னாடி இதுலயுமா?"

வாண்டு சிடியைப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சாரி" என்றான்.

கடுகு திடுக்கிட்டாள். 'இவன் ஏன் சாரி சொல்றான்? இவன் வீட்டிலேயே இல்லையே!' அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. இந்த வீட்டில் எது உடைந்தாலும் அவன்தான் உடைத்திருப்பான். அது அவனுக்கே பழகிப்போயிருந்தது. தான் செய்ததா இல்லையா என்று யோசித்துக்கூடப் பார்க்காமல் சாரி சொல்கிறான்.

பேசாமல் இருந்துவிடலாம். நாலு வயதுப் பையனை யாரும் ரொம்பத் திட்ட மாட்டார்கள். நாளைக்கு மறந்தும்விடுவான். கடுகின் மனசுக்குள் ஒரு குரல் இப்படிச் சொன்னது. அது அவளுடைய குரல்தான் என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். "சாரிம்மா. இனிமே பண்ண மாட்டேன்."

"நான்தான்" என்றாள் கடுகு.

"என்ன நான்தான்?"

"நான்தாம்மா ஒட்டினேன். நான்தான் உரிச்சேன். அவன் உங்ககூடதானே முடி வெட்டிட்டு இருந்தான்." பையிலிருந்து கசங்கிய தாளை எடுத்து நீட்டினாள்.

அம்மா தாளைப் பிரித்தாள். ஏணியையும் பறவைகளையும் விரலால் நீவிவிட்டாள். அவள் கத்தியிருந்தால் கடுகுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னொரு காப்பி எடுத்து வைக்கணும், எடுத்து வைக்கணும்னு ரெண்டு வருஷமா நானும் வாயாலதான் சொன்னேன்" என்றாள் அம்மா. பிறகு, "அப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்று உள்ளே போனாள்.

ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கடுகு பிளேயர் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலையைக் கவிழ்த்தபோது மேஜையின் கால் கண்ணில் பட்டது. நாலு காலில் ஒன்று குட்டை. ஆடாமல் இருக்க அதற்கடியில் என்றோ ஒரு புத்தகத்தை மடித்துச் சொருகியிருந்தார்கள். அட்டையில் பிளேயரின் படம் இருந்தது.

இழுத்தாள். பிளேயரோடு வந்த கையேடு. மேஜைக்கால் பதிந்து நடுவில் வட்டமாகக் குழி விழுந்திருந்தது.

எட்டாம் பக்கத்தில் இருந்தது அது. 'சிடியின் மேல்பக்கத்தில் எதையும் ஒட்ட வேண்டாம். ஒட்டியதை உரிக்கவும் வேண்டாம். பாட்டு பதிந்திருக்கும் மெல்லிய படலம் மேல்பக்கத்துக்குச் சற்றே கீழேதான் இருக்கிறது.'

கடுகு இதை மூன்று தடவை படித்தாள். அடிப்பக்கத்தை எவ்வளவு பத்திரமாகப் பிடித்தாள்! அத்தனை கவனமும் தப்பான பக்கத்துக்குப் போயிருக்கிறது. இந்த ஒரு வரி இத்தனை நாளும் மேஜைக்காலுக்கு அடியில் இருந்திருக்கிறது.

அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த வரியையும் படித்தாள். 'சிடியைப் பிளேயர் உள்ளிருந்து வெளியோரம் நோக்கிப் படிக்கும்.'

அழுகை நின்றது. அவள் சிடியை எடுத்துப் பார்த்தாள். போனது வெளியோரம்தான்.

செருப்பைக் கழற்றும்போதே அப்பாவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. "என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? வாண்டுக்குக் காய்ச்சலா?"

கடுகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லாமல் நின்ற அந்த ஒரு நிமிடத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

அப்பா சிடியைத் தூக்கிப் பிடித்து, வெள்ளி போன இடத்தின் வழியாக விளக்கைப் பார்த்தார். கீழே வைத்தார். கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பெயிண்டைக் கழுவ இவ்வளவு நேரம் ஆகாது என்று கடுகுக்குத் தெரியும்.

திரும்பி வந்தவரிடம் கையேட்டை நீட்டினாள்.

"அப்பா, நடுப்பக்கம் நல்லா இருக்கு. முதல் பாட்டெல்லாம் அங்கதான் இருக்கும். ஆனா போடப் போட இன்னும் உதிருமோ என்னமோ. ஒரே ஒரு தடவை ஓடவிட்டு, அப்பவே பென்டிரைவ்ல ஏத்திடலாம். இந்தப் பிளேயர்லயே அதுக்குப் பட்டன் இருக்கு."

"இதுக்கு மேல எதுவும் தொட வேண்டாம்மா" என்றார் அப்பா. குரல் களைத்திருந்தது.

"படிச்சுட்டுத்தாம்பா சொல்றேன். இந்தத் தடவை படிச்சுட்டேன்."

அப்பா கையேட்டின் குழியைத் தடவிப் பார்த்தார். "மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தது நான்தான்" என்றார். "சரி, போடு."

அம்மா தன் பென்டிரைவைக் கொடுத்தாள். மூடி தொலைந்து, நூல் கட்டிய நீலப் பென்டிரைவ். உள்ளே இருந்த கடைக் கடிதங்களைச் செவ்வாய்க்கிழமையே கணினியில் ஏற்றிவிட்டதாகச் சொன்னாள். கடுகு சிடியில் ஒட்டியிருந்த வெள்ளித் தூளை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாள். பட்டனை அழுத்தினாள். பென்டிரைவ் பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது.

'நீல வாசல்' வந்தது. சின்னக் கீறல்கூட இல்லாமல் வந்தது. அப்பா கண்ணை மூடினார்.

"அக்கா, லைட்டு கண்ணடிக்குது. பிடுங்கட்டுமா?" என்றான் வாண்டு.

"தொட்டே, உன் தலையில லேபிள் ஒட்டிடுவேன். மினுக்கும்போது பிடுங்கினா இதுல ஏறினதும் போயிடும்."

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது 'பச்சை கேட்.' மெல்லத் தொடங்கி, நடுவில் ஏணியில் ஏறுவதுபோல மேலே மேலே போகும். அது ஏற ஆரம்பித்த இடத்தில் 'டிக்' என்றது. 'டிக், டிக், டிக்.' ஒரே சுரம் சிக்கிக்கொண்டு துடித்தது.

கடுகின் கை பென்டிரைவுக்குப் பாய்ந்தது. இப்போதே பிடுங்கிக் காப்பாற்றிவிட வேண்டும் என்று விரலெல்லாம் துடித்தது. கையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுகையால் நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். விளக்கு இன்னும் மினுக்கியது. அவள் எண்ணினாள். நாற்பத்து மூன்றில் விளக்கு அடங்கியது. அதற்குப் பிறகுதான் உருவினாள்.

நாலரைப் பாட்டு பிழைத்திருந்தது. அடுத்த இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்தார்கள். பிளேயர் சத்தம் போட்டதே தவிரப் பாடவில்லை.

"ஆறாவதும் ஏழாவதும் எப்படிப்பா போகும்?" என்று மறுநாள் கடுகு கேட்டாள்.

அப்பா யோசித்தார். விரலால் தொடையில் தட்டினார். நிறுத்தினார். "வரலைடா. அது அந்தச் சிடிக்கு மட்டும்தான் தெரியும்."

அதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கடுகு அன்று சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் 'பச்சை கேட்'டின் மறுபாதி அப்பாவுக்கு நினைவிருந்தது. வாயால் அடிக்கத்தான் முடியாது. அதனால் கையை உயர்த்திக் காட்டினார். கை மேலே போனால் சுரம் மேலே. கீழே வந்தால் கீழே. நகக்கண்ணில் பெயிண்ட் காய்ந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கடுகு சீட்டி அடித்தாள்.

"அது இல்ல. இன்னும் மேல. இது மாடிப்படி, நீ வாசற்படியிலேயே நிக்கிற."

"உங்க கை சரியா ஏறலப்பா!"

அந்த வாரம் முழுக்க அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தாள். கையேடு மேஜைக்கு அடியில் திரும்பப் போகவில்லை. அட்டைத் துண்டு ஒன்று அந்த வேலையைப் பார்த்தது. டைப் அடிக்கும் கடைக் கணினியில் பாட்டுக்கு இன்னொரு காப்பியும் ஏறியது.

அடுத்த சனிக்கிழமை அப்பா கை கழுவி வந்தார். கடுகு பென்டிரைவைச் சொருகினாள். நாலு பாட்டு முழுசாக ஓடியது. 'பச்சை கேட்' ஏறத் தொடங்கியது. 'டிக்' என்று நின்றது.

"சாரி" என்றான் வாண்டு.

"நீ இல்லடா" என்று அவன் தலையைத் தடவினாள் கடுகு. அப்பாவின் கை மெல்ல உயர்ந்தது. அவள் உதட்டைக் குவித்தாள்.